பேருக்குப் பக்கத்து இடம்

பஸ் கிளம்பியதும் நான் முதலில் பார்த்தது கண்டக்டர் எங்கே நிற்கிறார் என்றுதான். பின்னால், கடைசி சீட்டுப் பக்கம், வாழைத்தாரோடு ஏறிவிட்ட ஒருவரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நன்றாகப் போடட்டும், நிதானமாகப் போடட்டும், அவர் எங்கள் சீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இலவசம்தான், ஆனாலும் எங்கே இறங்குகிறோம் என்று வாயைத் திறந்து சொன்னால்தான் கொடுப்பார், எனக்குச் சிக்கலே அங்கேதான். பாளையங்கோட்டையிலிருந்து பேட்டைக்குப் போகிற பஸ் இது. டவுனைத் தாண்டினதும் பெண்கள் காலேஜ் ஸ்டாப் வரும், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் ஐ.டி.ஐ. ஸ்டாப். என் மகள் இசக்கிப்ரியாவுக்கு முதல் ஸ்டாப்பில் பி.காம். சீட் கிடைத்திருக்கிறது, அடுத்ததில் எலக்ட்ரீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, சேருவதற்கு இரண்டிலும் இன்றைக்குத்தான் கடைசி. இரண்டு இடத்திலும் ஒரிஜினல் டி.சி. கேட்கிறார்கள். இருப்பது ஒரே ஒரு டி.சி., அது என் மடியில் ஃபைலுக்குள் இருக்கிறது, ஃபைலை நான் பச்சைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறேன். நிஜப் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருகிறாள். கேட்டால் அவளிடம் ஒரே பதில், "நீ எங்க எறங்கச் சொல்லுதியோ அங்க எறங்குதேன்ம்மா." அவள் அப்பாவைக் கேட்டால் அதைவிட மோசம், காலையில் காப்பிப்பொடிக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டே, "நம்ம வீட்டுல படிச்சது பி.ஏ. மட்டுந்தான், பி.ஏ. சொல்லட்டும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பி.ஏ. என்பது நான்தான்.

சண்முகவடிவு என்று எனக்கு வாய் நிறைய ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் பி.ஏ.தான். ஏ பி.ஏ., காப்பி ஆறுது, பி.ஏ.வுக்கு இன்னைக்கு என்ன கோவம், பி.ஏ. கொஞ்சம் முதுகைத் தேய்த்துவிடு. எல்லாம் என் அப்பா செய்த வேலை. நான் கடைசிப் பரீட்சை எழுதி முடித்த கையோடு கல்யாணம் முடிவாயிற்று, பத்திரிகை அடிக்க அச்சாபீசுக்குப் போனார், பெண் என்ன படிச்சிருக்கு என்று கேட்டிருக்கிறார்கள், பெருமை தாங்காமல் பி.ஏ. பொருளாதாரம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ரிசல்ட் வந்தால் என்ன வராவிட்டால் என்ன, தன் மகள் பாஸாகாமல் போவாளா? மஞ்சள் தடவின பத்திரிகையில் திருவளர்செல்வி சண்முகவடிவு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் பி.ஏ. என்று ஊர் பூராவும் போய்ச் சேர்ந்தது, மாப்பிள்ளைக்குப் போட அப்படி ஒன்றும் இல்லாததால் திருவளர்செல்வன் ஆறுமுகநயினார், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் காபி ஒர்க்ஸ் என்று போட்டிருந்தார்கள். தாலி ஏறினதற்கு அப்புறம்தான் ரிசல்ட் வந்தது. புள்ளியியலில் நான் அவுட். அப்பா என் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலிலேயே நின்றார், நான் அழுதுகொண்டே புருஷனிடம் சொன்னேன், இவர், "பத்திரிகையில போட்டாச்சுல்லா, பொறவு என்ன, நீ பி.ஏ.தான்" என்றார். நான் அழுகையை நிறுத்தி அந்த மனுஷனை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். அப்புறம் அவரே எனக்குப் புள்ளியியலுக்கு ஒரு கைடு வாங்கி வந்தார், எழுதேன் வடிவு என்றார், எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே மாமியார், கடை, பிள்ளை என்று காலம் ஓடிவிட்டது. அந்தக் கைடு இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது, மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டால் துணி பறக்காமல் இருக்க அதைத்தான் தூக்கி மேலே வைக்கிறேன்.

ஆகையால் பேருக்குப் பக்கத்தில் எழுத்து இருப்பது என்றால் என்ன, இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருந்தாலும் எடுத்தார்கள். இவருடைய அக்கா போன வாரம் வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பொட்டப்புள்ளைய ஸ்பானரத் தூக்க விடப்போறியா வடிவு? நாளைக்குப் பத்திரிகையில அவ பேருக்குப் பக்கத்துல என்னன்னு போடுவ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் பெண் பேரைவிடப் படிப்பு நீளம். எனக்கு அந்தக் கேள்வி தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது, சோறு இறங்குகிறது, தண்ணீர் இறங்குகிறது, அது மட்டும் இறங்கவில்லை. பி.காம். என்று போடலாம், அழகாக இருக்கும், ஐ.டி.ஐ. என்று போட்டால் பார்க்கிறவன் என்ன நினைப்பான், காலேஜில் இடம் கிடைக்காத பிள்ளை என்று நினைப்பான், மார்க் இருந்தும் அவளாகக் கேட்டுப் போனாள் என்று பத்திரிகைக்குக் கீழே சின்ன எழுத்தில் போட முடியுமா? நானே எத்தனை பத்திரிகையில் பேரைப் பார்க்காமல் பக்கத்து எழுத்தைப் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் ஒரு பயமா என்று கேட்டால், இல்லை, இதை நான் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன், பின்னால் ஒளிந்திருக்கிற பயம் வேறு. கரண்ட். அது ஆண் பெண் பார்க்குமா, கெட்டிக்காரப் பிள்ளை என்று விட்டுவைக்குமா? ஏணிமேல் இவள் நிற்கிற மாதிரி நினைத்தாலே எனக்கு உள்ளங்கால் கூசுகிறது. பி.காம். படித்தால் அதிகம் போனால் கண்ணாடி போட வேண்டி வரும், அவ்வளவுதானே.

கண்டக்டர் நடுவில் வந்துவிட்டார். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறி நின்றுவிட்டது, முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் இன்னொன்று, கீழே தாமிரபரணியில் துவைக்கிற சத்தம் மேலே கேட்கிறது. இவள் எதைப் பார்க்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன், ஆற்றை அல்ல, பாலத்து விளக்குக் கம்பத்தில் ஏணி சாய்த்து ஒருவர் என்னவோ கழற்றிக்கொண்டிருக்கிறார், அதைப் பார்க்கிறாள், உதடு லேசாகப் பிரிந்திருக்கிறது. சின்னதில் பஞ்சுமிட்டாய் வண்டியைப் பார்க்கும்போது இப்படித்தான் பிரியும். எந்த நேரத்தில் இந்தப் பித்து பிடித்தது? பரீட்சை லீவில் கூடத்து ஃபேன் ஓடாமல் நின்றதே, அன்றைக்கா? மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம் என்றாள், மெயினை ஆஃப் பண்ணினாள், நான் பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் மாமியார்க்காரி கதவைத் திறக்கிற நேரம், டி.வி.யும் போயிற்று. இருட்டில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள், நின்றேன், ஸ்டூலை ஆட்டாதே என்றாள், ஆட்டவில்லை. எல்லாம் மாட்டி மெயினைப் போட்டால் ஃபேன் ஜம்மென்று சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லை. நான் கீழே நின்று சேலையை விசிறிப் பார்க்கிறேன், பொட்டுக் காற்று இல்லை, கூரையோரம் இருந்த ஒட்டடை மட்டும் ஆடுகிறது. அவள் தரையில் மல்லாந்து படுத்து மேலே பார்த்துவிட்டுக் கத்தினாள் பாருங்கள், "எம்மா, ரிவர்ஸ்ல சுத்துதும்மா! வயர மாத்திக் குடுத்துட்டேன், எதுத்தாப்புல சுத்துது பாரு!" தப்பாகச் செய்துவிட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே கிடையாது. அன்றைக்கு ராத்திரி பூராவும் அதைச் சரி பண்ண விடவில்லை, ஏன் அப்படிச் சுற்றுகிறது என்று தெரிய வேண்டுமாம், நாங்கள் மூன்று பேரும் வியர்த்து வழிந்துகொண்டு, காற்று மேலே போகிற ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் வேறு, "ஒட்டடைக்கு நல்ல காத்து" என்று அவளுக்கு ஒத்து ஊதினார்.

"எங்கக்கா போணும்?"

தலைக்கு மேலே கண்டக்டர். ஃபைலைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், இன்னும் பாலம்கூடத் தாண்டவில்லையே, இவருக்கு என்ன அவசரம்.

"ஏக்கா, எங்க?"

"காலேஜ் ரெண்டு" என்றாள் இசக்கி, ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய்விட்டார். தீர்ந்தது. எனக்கு முன்னால் அவளே தீர்த்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கட்டாயப்படுத்தவில்லை, நாளைக்கு யாரும் என் தலையில் போட முடியாது, அவள் வாயாலேயே காலேஜ் என்றாள், சந்தோஷம். சந்தோஷம்தானே? பஸ் நகர்ந்தது, ஜங்ஷன் வந்தது, கூட்டம் ஏறிற்று, பூக்காரி ஒருத்தி கூடையை என் காலடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டாள், மல்லிகை வாசனை, காலேஜ் என்றாலே எனக்கு இந்த வாசனைதான், சிநேகிதிகள் ஐந்து பேரும் ஒரே பூப்பந்தை வாங்கிப் பிய்த்து வைத்துக்கொள்வோம். பொருளாதாரத்தில் என்ன படித்தேன் என்று இப்போது யாராவது கேட்டால் முழிப்பேன், தேவை என்று ஒரு கோடு கீழே இறங்கும், அளிப்பு என்று ஒரு கோடு மேலே ஏறும், இரண்டும் நடுவில் வெட்டிக்கொள்ளும், அதற்குமேல் தெரியாது. ஆனால் காலேஜுக்குள் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது, அது தெரியும். மத்தியானம் அதற்கு அடியில் உட்கார்ந்தால் தலையில் பூ விழும், ஒரு வேலையும் கிடையாது, யாரும் கூப்பிட மாட்டார்கள், ஏ வடிவு தண்ணி கொண்டா என்று சொல்ல ஆள் கிடையாது, கூடப் படித்த எஸ்தர் மடியில் தலை வைத்து மெட்ராஸுக்கு வேலைக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம், போகத்தான் இல்லை. பிறகு என் ஆயுசில் அப்படி ஒரு சும்மா எனக்குக் கிடைக்கவே இல்லை. எழுத்துக்கு ஆசைப்படுகிறேன், நாத்தனாருக்குப் பயப்படுகிறேன், எல்லாம் உண்மை, ஆனால் அந்த மரத்தடி என் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பதும் உண்மை. ஐ.டி.ஐ.யில் மரம் இருக்குமா? ஷெட் இருக்கும். மெஷின் இருக்கும். பையன்கள் இருப்பார்கள், கும்பலாக, இவள் போனால் திரும்பிப் பார்ப்பார்கள். மதியம் இவள் எங்கே உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறப்பாள்? சீட் கிடைத்தது என்று வந்த அன்றைக்கு எல்லாவற்றையும் விசாரித்தேன், பஸ் நேரம் விசாரித்தேன், பாத்ரூம் விசாரித்தேன், மரத்தை விசாரிக்கவில்லை.

ஈரடுக்குப் பாலம் தாண்டிவிட்டது. டவுனில் கோயில் தேர் நிற்கிற இடம் வந்ததும் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று, அம்மா காந்திமதி, காலேஜில் நல்லபடியாக, என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் வரவில்லை. காலேஜ் ரெண்டு. அவள் சொன்ன குரல் காதிலேயே நிற்கிறது. அந்தக் குரலை எனக்கு எங்கேயோ தெரியும். காலையில் உப்புமாதான் இருக்கிறது என்று சொன்னால் ஒரு "ம்" சொல்வாள், வேண்டாம் என்று சொன்னால் அம்மா இன்னொரு தடவை அடுப்படிக்குப் போக வேண்டுமே என்று, அந்த "ம்". இந்தப் பிள்ளை எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்தது, அடம் பிடித்து ஒரு பொருள் வாங்கினது கிடையாது, நான் முகம் வாடினால் அன்றைக்குப் பூராவும் என் பின்னாலேயே சுற்றும். எனக்கு எலக்ட்ரீஷியன்தாம்மா பிடித்திருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் திட்டவில்லை, பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன், அங்கே நின்று கண்ணைத் துடைத்தேன், அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் நீ எங்கே இறங்கச் சொல்கிறாயோ அங்கே. என் அப்பா என்னிடம் பொருளாதாரம் எடு வடிவு என்றபோது நான் சொன்னதும் இப்படித்தானே, சரிப்பா. மாப்பிள்ளை நல்ல குணம் என்றபோதும் சரிப்பா, அது வாய்த்தது, பொருளாதாரம் வாய்க்கவில்லை. ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வம்சம். ரிவர்ஸ்ல சுத்துதும்மா என்று கத்தின வாய் ஒன்று இருக்கிறது, காலேஜ் ரெண்டு என்று முணுமுணுத்த வாய் ஒன்று இருக்கிறது, இரண்டும் என் பிள்ளை வாய்தான், எனக்கு எது வேண்டும்? பத்திரிகை ஒரு நாள் கூத்து, தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பார்கள், வாங்கினவர்கள் தேதியைப் பார்த்துவிட்டு டி.வி. மேலே செருகுவார்கள், கல்யாணம் முடிந்தால் அதில் மிக்சர் மடிப்பார்கள். அந்த ஒரு நாளைக்காக மூன்று வருஷம் இந்தப் பிள்ளை "ம்" என்று பஸ் ஏறி "ம்" என்று பஸ் இறங்கவா? கடைசியில் இவளும் ஒரு கைடை வடகத்துக்கு மேலே வைக்கவா? எனக்கு அழுகை வந்தது. பூக்காரி பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், நல்ல மனுஷி.

"காலேஜ் எறங்குதவங்க வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். பஸ் நின்றது. தாவணிக்குப் பதில் சுடிதார், மற்றபடி அன்றைக்கு நாங்கள் நின்ற மாதிரியே கேட் முன்னால் பிள்ளைகள் கூட்டம், உள்ளே மரங்கள், எத்தனை மரங்கள். இசக்கி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"வாம்மா."

நான் அவள் துப்பட்டா நுனியைப் பிடித்தேன். "உக்காருட்டி."

"எம்மா, ஸ்டாப் வந்துட்டு."

"தெரியுது. உக்காரு."

அவள் நின்றுகொண்டே என்னைப் பார்த்தாள். கண்டக்டர் எங்களைப் பார்த்தார். "காலேஜ்னுல்லா டிக்கெட் வாங்குனீங்க? எறங்கலையாக்கா?"

"காலேஜுக்கெல்லாம் நான் போயிட்டு வந்துட்டேன் தம்பி" என்றேன், என் குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது. "இவளுக்கு ஐ.டி.ஐ.தான். வேற டிக்கெட் வேணும்னா குடுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்டாட்டியிடமே தினமும் தோற்கிற மனுஷன் போலிருக்கிறது, தலையை ஆட்டிவிட்டு, புது டிக்கெட்டைக் கொடுத்து, விசிலை ஊதினார். பஸ் நகர்ந்தது. கேட், சுவர், மரங்கள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பின்னால் போயின, நான் கடைசி மரம் மறைகிறவரை பார்த்தேன், பார்க்காமல் எப்படி இருக்க முடியும். இசக்கி உட்கார்ந்தாள். அவள் கை என் கைமேல் வந்தது, ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக் கிழித்த தழும்பு கட்டைவிரலில் சொரசொரவென்று இருந்தது, இனிமேல் இந்தக் கையில் இப்படி இன்னும் எத்தனை வரப்போகிறதோ, அந்தப் பயம் இறங்கவில்லை, அது என்னோடேதான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐ.டி.ஐ. வாசலில் இறங்கினபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பெரிய கேட், உள்ளே நீளமான ஷெட்டுகள், அங்கிருந்து ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம். நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன்.

"என்னம்மா தேடுத?"

"மரம்."

"மரமா? எதுக்கு?"

"மத்தியானம் உக்கார." சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் நின்றது. பெரிய மரம் என்று சொல்ல முடியாது. அதன் நிழலில் காக்கிச் சட்டை போட்ட இரண்டு பெண் பிள்ளைகள் டிபன்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இசக்கி நகராமல் நின்றாள். "எம்மா, அத்தை வந்து கேப்பாளே. பத்திரிகையில எம் பேருக்குப் பக்கத்துல என்ன போடுவ?"

அப்படியானால் அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இவளும் முள்ளை முழுங்கிக்கொண்டுதான் இத்தனை நாள் இருந்திருக்கிறாள்.

"பேரப் போடுவேன்" என்றேன். "இசக்கிப்ரியான்னு பெருசா. பக்கத்துல இடம் கெடக்கும். நீ என்ன ஆகுதியோ அத நீயே பொறவு எழுதிக்கோ. எனக்கு எழுதுன மாதிரி யாரும் முன்கூட்டி எழுத வேண்டாம்."

ஃபைலை அவள் கையில் கொடுத்தேன். பாளையங்கோட்டையிலிருந்து மடியிலேயே வைத்திருந்ததில் அதன் ஓரம் வேர்வையில் நனைந்திருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் போனாள்.

"ஏட்டி" என்று கூப்பிட்டேன். "மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் எதையும் தொடணும், கேட்டியா?"

அவள் திரும்பினாள். ஃபேனுக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தபோது பார்த்த அதே முகம்.

"சரி பி.ஏ.!" என்று கத்தினாள், அத்தனை பேருக்கும் கேட்கும்படியாக.